அம்மா பேசாத பேச்சு

ஹாங்காங்கில் நாங்கள் பேசுவது ஒன்று, எழுதுவது வேறு. எழுதியதை உரக்க வாசிக்கும்போது, மனுஷத்தன்மை உள்ள எவரும் அதைப் பேச்சாக மாற்றிக்கொண்டே வாசிப்பார்கள். என் அண்ணன் சிங்-யுன் மாற்றமாட்டான். பள்ளிக்கூடத்தில் சீன மொழித் துறைக்குத் தலைவன். பேச்சைத் தாளில் பார்த்தாலே முகம் சுளிப்பான்.

இறுதிச்சடங்குக் கூடத்தில், அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று அவளது வாழ்க்கைக் குறிப்பை வாசித்தான். ஆயுசெல்லாம் ஷாம் ஷுய் போ நடைபாதையில் மாட்டுக்குடல் விற்றவள் அதில் "சிற்றுண்டி வணிகம் புரிந்த நற்குண மங்கை" ஆகியிருந்தாள். சூப்பில் உப்பில்லை என்றவனை அகப்பையோடு துரத்தியவள் "அயலாரிடம் கனிவு பாராட்டினாள்."

பக்கத்துக் கடை மீன்கார லாய் மாமா என் காதில் கிசுகிசுத்தார். "யாரும்மா செத்தது? ரூம் மாறி வந்துட்டேனா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. ஆனால் நான் கடைசி வரிக்காகக் காத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் அம்மா உயிர் போனபோது அண்ணன்தான் பக்கத்தில் இருந்தான்; நான் கடையில் இருந்தேன். எனக்கு ஏதோ சொல்லிவிட்டுப் போனாளாம். அண்ணனைக் கேட்டால், "உரையில வருது" என்று பிகு செய்துகொண்டிருந்தான்.

வந்தது. "அன்னை இறுதியாக மொழிந்தார்: அன்பு மகளே, உன் உழைப்பை எண்ணி என் உள்ளம் நிறைவெய்துகிறது."

என் அம்மாவா? உருப்படாதவளே என்பதைத் தவிர என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

வாசலில் சக வாத்தியார்கள் அவன் எழுத்து நடையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். இவன் துக்கத்திலும் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தான். தனியே இழுத்தேன்.

"அம்மா நெசமா என்னண்ணே சொன்னா?"

"அதான் வாசிச்சேனே."

"அது உன் வாத்தியார் வாய். அவ வாயில வந்ததச் சொல்லு. திட்டியிருந்தாலும் பரவால்ல."

"கொச்சையா இருந்துச்சு யுக்-பிங். ஆஸ்பத்திரியிலயே போன்ல திருத்தி எழுதிட்டேன்."

"திருத்துறதுக்கு முன்னாடி?"

வாயைத் திறந்தான். "அன்பு மகளே..." நிறுத்தினான். கண்ணை மூடிக்கொண்டான். "உன் உழைப்பை எண்ணி..." முகம் வெளுத்துவிட்டது.

"அவ சொன்னது வரலடி. அதேதான் வருது."

இத்தனை படித்தவனுக்கு, பெற்றவளின் ஒரு வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொள்ளத் துப்பில்லை. மேலே பேச அருவருப்பாக இருந்தது. அவனை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

தெருவில் லாய் மாமா, துக்கத்தின் கசப்புப் போகச் சடங்குக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் மிட்டாயை வாயில் அடக்கியபடி நின்றிருந்தார். "கடைசியா நெசமா என்னதாம்மா சொன்னா?"

"உருப்படாதவளே, அடுப்ப அணைச்சுட்டுத்தான் வந்தியான்னு கேட்டா, மாமா."

பொய்தான். மாமா உடனே அழுதுவிட்டார்.