இன்னொரு காது

அதிபர் எர்மேக்கின் மேசைக்கு ஆட்டுத்தலை வந்தபோது ஆவி அடங்கிவிட்டிருந்தது. மருத்துவர் ருசி பார்த்து அனுப்புவதற்குள் அந்த மாளிகையில் எதுவும் ஆறிப்போகும்.

எதிரே ஓரன்பாய் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சிறுவயதில் இருவரும் ஒரே மலையில் ஆடு மேய்த்தவர்கள். தகப்பன் உயிரோடிருப்பவன் விருந்தின் ஆட்டுத்தலையில் கத்தி வைக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். ஓரன்பாயின் அப்பா இடி விழுந்து செத்த பிறகு கத்தி அவர் கைக்கு வந்தது. அறுக்கிறவர் இளையவனுக்குக் காதைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதை எர்மேக்கின் வாயருகே நீட்டி, "ஒட்டுக்கேக்கறதுக்கு இல்லடா கழுத, சொன்னதக் கேக்கறதுக்கு" என்பார்.

அந்தக் காதுக்காகத்தான் எர்மேக் இன்று வண்டி அனுப்பி அவரை வரவழைத்திருந்தார். ஆனால் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் அது உத்தரவாகிவிடும். கத்தியை மட்டும் மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார்.

ஓரன்பாயின் கை எழுந்தது. வாசலில் நின்ற காவலனை ஒருமுறை பார்த்தார். கை மடிக்கே திரும்பியது.

"எங்கப்பா உயிரோட இருக்கப்போ நான் கத்தியத் தொடலாங்களா, ஐயா?"

எர்மேக்குக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, ஓரன்பாயின் தலைக்கு மேல் சுவரில் தன் படம் தொங்குவதைக் கண்டார். அதன் கீழே நாடாளுமன்றம் கொடுத்த பட்டம்: அனைவருக்கும் தந்தை. அந்தத் தீர்மானத்தில் அன்று சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டிருந்தார்.

"உங்கப்பா பேரு துர்சுன், அண்ணே. பாறை மண்ணுல உங்ககூட அவருக்குக் குழி வெட்டினவன் நான்."

"அதெல்லாம் பழைய கதைங்க. இப்ப நீங்கதான் எல்லாம்."

ஆட்டுத்தலையின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. ஒரு சொல் சொன்னால் போதும், ஓரன்பாய் அறுத்துவிடுவார். கழுதை என்றுகூடச் சொல்லிவிடுவார். எர்மேக் உத்தரவிடவில்லை.

கத்தியைத் தானே எடுத்தார். ஒரு காதை அறுத்து, தன்னைவிட மூத்தவரின் தட்டில் வைத்தார். ஓரன்பாய் இரு கைகளாலும் எடுத்து, மென்று முடிக்கும்வரை நிமிரவே இல்லை.

இன்னொரு காது தலையிலேயே இருந்தது. அதை அறுத்துத் தனக்குக் கொடுக்க அந்த நாட்டில் வேறு யாரும் இல்லை.