கொசுறாகக் கேட்ட மூன்று மாதம்

நாற்பத்து மூன்று பேரை ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வரவழைக்க இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, யாராவது சாக வேண்டும். இன்னொன்று, ஏதாவது பாதி விலைக்குக் கிடைக்க வேண்டும். முதல் வழியில் எங்கள் குடும்பம் கூடி மூன்று வருடம் ஆகிறது. அன்றைக்குப் படுத்திருந்தவள் என் மனைவி. அதற்குப் பிறகு அவரவர் கடை, அவரவர் கதவு. எனக்கு மறுபடி ஒருநாள் அத்தனை தலைகளையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. முதல் வழிதான் என்றால், அடுத்த தடவை படுத்திருப்பவன் அநேகமாக நான். எழுந்து பார்க்க முடியாது. ஆகவே இரண்டாவது வழி.

நான் ஏழு பேரில் மூத்தவன். பட்டன், ஜிப் மொத்த வியாபாரம். தம்பி தங்கைகளும் ஆளுக்கொரு கடையில் கல்லாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். இவர்களிடம் போய் "உங்களையெல்லாம் பார்க்கணும்போல இருக்கு" என்று சொன்னால், "டாக்டர் என்ன சொன்னார்?" என்றுதான் கேட்பார்கள். தவிர, நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. எந்தச் சரக்கு வேண்டுமோ அதைக் கையால் தொடவே மாட்டோம்; பக்கத்தில் இருப்பதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

குடும்பக் குழுவில் ஒரு செய்தி போட்டேன். 'தீம் பார்க். முழு நாள். பாதி விலை. எல்லாரும் வந்தால்தான்.' என் காலை வணக்கத்துக்கு இரண்டு கட்டைவிரல் விழுகிற குழுவில் பத்து நிமிடத்தில் பத்தொன்பது பதில். சின்னத் தங்கை போனிலேயே வந்துவிட்டாள்.

"அண்ணா, பாதின்னா எது பாதி? வாசல்ல எழுதிப் போட்டிருக்கிற விலையில பாதியா, ஆன்லைன்ல குறைச்சிருக்கிற விலையில பாதியா?"

"குறைச்சதுல பாதி."

"சாப்பாடு?"

"பேசணும்."

"பேசு பேசு. வீட்ல சுவரைப் பாத்துதானே உட்கார்ந்திருக்க. அங்க போயாவது பேசு."

அவள் சிரித்தாள். நல்ல கேலிதான். நானும் சிரித்தேன்.

ஆறு நாற்காலி போட்ட சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலியை மட்டும் இழுத்து உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். யாருக்குத் தலைசுற்றல், யாருக்கு முட்டிவலி, யார் யாரோடு பேசுவதில்லை, ஆகையால் வேனில் யாரை எங்கே உட்காரவைப்பது. தொண்ணூறு சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பார்க்கில் டிக்கெட் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து உயரம் கேட்டேன். 'சும்மாதான் கூப்பிட்டேன்' என்றால் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறவர்கள், 'பிள்ளையை நிக்கவெச்சு அளந்து சொல்லு' என்றதும் கால் மணி நேரம் பேசினார்கள். பிள்ளை ஓடுவதும் அளவுநாடா விழுவதும் கேட்டது. அந்த ஒரு வாரம் என் காது நிறைந்திருந்தது. தங்கையின் பேத்தி எண்பத்தொன்பது.

"அது வளர்றதுக்குள்ள போயிடணும்ணா," என்றாள் தங்கை.

"பால் குடுக்கறதைக் கொஞ்சம் குறை," என்றேன்.

மூன்று பொடிசுகள் இலவசம். மிச்சம் நாற்பது டிக்கெட்.

பார்க்கின் விற்பனை அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். கால்குலேட்டரை நம்மைப் பார்த்துத் திருப்பாமல் தன் பக்கமே வைத்துக்கொள்கிற ரகம். எனக்கு அப்போதே மரியாதை வந்துவிட்டது.

"முப்பத்தஞ்சு சதவீதம் சார். அதுக்கு மேல என் கையில இல்ல."

"யார் கையில இருக்குன்னு சொல்லுங்க. அந்தக் கையப் பாத்துட்டுப் போறேன்."

இரண்டு தடவை எழுந்தேன். ஒரு தடவை கதவு வரைக்கும் போனேன். கடைசியில், பள்ளி விடுமுறையின் முதல் செவ்வாய்க்கிழமைக்கு, முழுப் பணமும் முன்னால் கட்டினால், மதியச் சாப்பாட்டோடு பாதி விலை என்று படிந்தது. அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் குடும்பத்தில் விலை படிந்த பிறகு கொசுறு கேட்காமல் எழுந்திருப்பது, குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வருவது மாதிரி. உடம்பு ஒப்பாது.

"சரி, கொசுறு?"

"ஒரு தொப்பி தரேன் சார்."

"தொப்பி மழைக்கு ஆகுமா? அன்னைக்கு மழை புடிச்சுக்கிட்டா என் பணம் தண்ணி. மூணு மாசத்துல எந்த நாள் வேணாலும் வரலாம்னு போடுங்க."

அவர் யோசித்தார். நெற்றியைத் தடவிக்கொண்டார். கம்ப்யூட்டரில் தட்டினார். "அப்படின்னா ஆளுக்கொரு தனி டிக்கெட்டா வரும். பரவாயில்லையா?"

"ரொம்ப நல்லது," என்றேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் பக்கத்தில் இருந்தவரிடம் இந்தச் சாமர்த்தியத்தைச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

டிக்கெட்டுகளை வீட்டுவாரியாக அனுப்பிவைத்தேன். குழுவே கொண்டாடியது. முதலில் கூப்பிட்டவன் கடைசித் தம்பி.

"அண்ணா, கலக்கிட்ட! மூணு மாசம் வேற வாங்கியிருக்க! அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு லோடு வருது. நல்லவேளை. நாங்க அஞ்சு பேரும் அடுத்த மாசம் போயிக்கறோம்."

"எல்லாரும் சேர்ந்து..." என்று ஆரம்பித்தேன்.

"பணம்தான் கட்டியாச்சே. இனிமே சேர்ந்து போனா என்ன, தனியா போனா என்ன? விலை ஏறவா போகுது?"

கணக்கில் ஒரு ஓட்டை இல்லை. "சரி, நீ லோடைப் பாரு," என்றேன்.

அடுத்து பெரிய தங்கையின் மகள். ஒல்லியாக இருப்பாள், வாய் குத்தும்; அதனால் குண்டூசி என்று பேர். "மாமா, அவரோட ஆபீஸ்காரங்க ரெண்டு குடும்பம் போறாங்க. நாங்க அவங்களோட ஒட்டிக்கறோம். நீங்க ஒரு ஜீனியஸ் மாமா." சின்னத் தங்கை வேறு மாதிரி சொன்னாள்: "எந்த நாளும் போகலாம்னா ஏன்ணா ஒரே நாள்ல போய் நெருக்கியடிக்கணும்? நம்ம ஆளுங்க மட்டும் பாத்ரூம் போனாலே அரை மணி நேரம் கியூ." வாரக் கடைசிக்குள் முப்பத்தொன்பது டிக்கெட்டும் எட்டுத் திசையில் போய்விட்டன. என்னுடையது மட்டும் செவ்வாய்க்கிழமையிலேயே நின்றது.

நான் மறுபடி அந்த அதிகாரியிடம் போனேன்.

"மேடம், அந்தக் கொசுறைத் திருப்பி எடுத்துக்குங்க. செவ்வாய்க்கிழமை மட்டும் செல்லும்னு மாத்திடுங்க."

அவர் கால்குலேட்டரைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். "பதிலுக்கு என்ன கேக்கறீங்க?"

"ஒண்ணும் கேக்கல."

"நீங்க ஒண்ணும் கேக்காம வந்தா எனக்குப் பயமா இருக்கு சார்."

"வேணும்னா அஞ்சு சதவீதம் கூடப் போட்டுக்குங்க."

வாங்குகிற பக்கம் உட்கார்ந்து விலையை ஏற்றியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சிஸ்டத்துல ஏறிடுச்சு சார். குடுத்ததைப் பிடுங்க எனக்கு அதிகாரம் இல்ல." பிறகு மேசைக்கடியிலிருந்து எடுத்து ஒரு தொப்பி கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை அந்தத் தொப்பியோடு போனேன். மழையில்லை, வெயில் பளிச்சென்று அடித்தது. வாசலில் அந்த அதிகாரி நின்றிருந்தார்.

"குடும்பம் எங்க சார்?"

"பின்னாடி வர்றாங்க. மூணு மாசத்துக்குள்ள."

உள்ளே தண்ணீரில் சரிந்து விழும் படகு ஒன்று. ஆறு பேர் உட்கார்ந்தால்தான் கிளப்புவார்கள். முன்னால் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்று ஒரு குடும்பம். "ஒத்த ஆள் யாராவது இருக்கீங்களா? ஒரு சீட்டு!" என்று கத்தினான் ஊழியன். கையைத் தூக்கினேன். விழும்போது அவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கீழே அந்தச் சரிவில் எடுத்த போட்டோவை விற்றார்கள். அந்த அப்பா, கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டதும் பர்ஸைத் திறந்தார். என் கண் முன்னால் ஒரு மனிதன் சொன்ன விலையைக் கொடுக்க விடமாட்டேன். "இருங்க," என்று உள்ளே புகுந்து, ஒன்றின் விலைக்கு இரண்டாக முடித்தேன். அவர் இரண்டாவதை என்னிடம் நீட்டினார். "நீங்களும் இருக்கீங்களே."

இருந்தேன். ஐந்து பேர் வாயைப் பிளந்திருக்க, கடைசியில் தொப்பிக்காரன் ஒருவன், தண்ணீரைப் பார்க்காமல் முன்னால் இருந்த தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் போட்டோவைப் போனில் எடுத்துக் குழுவில் போட்டேன். அதன் கீழே, அறுபத்தெட்டு வயதில் முதல் முறையாக, வேண்டிய சரக்கைக் கையால் தொட்டேன். 'உங்களையெல்லாம் பார்க்கணும்போல இருக்கு.'

ஐந்து நிமிடம் ஆகவில்லை. சின்னத் தங்கை.

"அண்ணா! டாக்டர் என்ன சொன்னார்?"

"என்ன டாக்டர்?"

"மறைக்காத. தம்பி கடையை மூடிட்டான். குண்டூசி கிளம்பிட்டா. எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லு. எல்லாரும் வந்துடறோம்."

எல்லாரும். நாற்பத்து மூன்றும். ஒரு ஆஸ்பத்திரியின் பெயர் போதும். அதுவும் வேண்டாம், கொஞ்ச நேரம் நான் பேசாமல் இருந்தாலே போதும். இதைவிட மலிவாக எதுவும் எனக்குப் படிந்ததில்லை. போனில் அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. பார்க்லதான் இருக்கேன். சும்மாதான் போட்டேன்."

"சும்மாவா? அறிவிருக்கா உனக்கு? உயிரே போயிடுச்சு!" கொஞ்சம் திட்டினாள். பிறகு யாரிடமோ, "ஒண்ணும் இல்லையாம், கடையைத் திறக்கச் சொல்லு," என்றாள். பிறகு என்னிடம், "மதியச் சாப்பாட்டை விட்டுடாத. சரி, வெச்சுடறேன்."

போனைப் பார்த்தேன். இரண்டு நிமிடம்.

மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. முழு நாள் டிக்கெட். படகுப் பக்கம் ஊழியன் மறுபடி கத்தினான்.

"ஒத்த ஆள் யாராவது? ஒரு சீட்டு!"

போட்டோவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கையைத் தூக்கினேன்.