இரண்டாவது புறா

பிரயிலா நகரத் திரைப்படக் கழகத்தில் வாக்குச்சீட்டு கிடையாது. கொறிக்கக் கிண்ணம் நிறைய இருக்கும் சூரியகாந்தி விதையில் ஆளுக்கொன்று, அதுதான் வாக்கு. வரும் வியாழனன்று எந்தப் படம் வேண்டுமோ, அதற்கான கண்ணாடித் தம்ளரில் போட வேண்டும். பேச்சு சுவாரஸ்யத்தில் தன் வாக்கையே கொறித்துவிட்டு அசடு வழிபவர் வாரம் ஒருவராவது உண்டு.

ஸ்மராண்டா பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். அதிகம் பேசமாட்டாள். எட்டு வருடம் முன்பு, தலைநகரில், ஆறே பேர் உட்கார்ந்திருந்த அரங்கில் 'இரண்டாவது புறா' பார்த்தாள். நூறு வருடத்துக்கு முந்தைய மேடை மந்திரவாதி ஒருவனின் கதை. ஊர் வந்து சேரும்வரை பேருந்தில் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் இன்னும் அவளுக்குள் முடியாமலே இருந்தது.

திரைப்படக் காப்பகத்துக்கு எழுதி எழுதி அவள் வரவழைத்த படச்சுருள் வெள்ளிக்கிழமை திரும்பிப் போகிறது. போன இரண்டு வாரமும் வாக்கில் தோற்றாயிற்று. இனி இந்த வியாழன் ஒன்றுதான்.

"அக்கா, திரும்பவும் மந்திரவாதியா?" பேருந்து ஓட்டுநர் நேலு சிரித்தான். அவன் சிபாரிசு ஒரு கொள்ளைக்கூட்டச் சிரிப்புப் படம். "தொப்பிலேர்ந்து முயல் வர்றதுக்குள்ள எங்களுக்குத் தூக்கம் வந்துடும்."

"முயல் இல்ல. புறா."

கழகத் தலைவர் திபேரியு விதையைக் கொறித்தபடியே சொன்னார். "நான் பார்த்திருக்கேன், மோசமில்ல. நடுவுல நாலு நிமிஷம் அந்த ஆள் சும்மா நிக்கிறானே, அதை வெட்டிட்டு ஓட்ட ஒத்துக்க. என் விதை உனக்குத்தான்."

"வேண்டாம் சார்."

"பிடிவாதத்துக்கும் ஒரு அளவு இருக்கும்மா."

"அந்த நாலு நிமிஷம்தான் படம்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு, படத்துக்காகப் பேசுபவருக்கான மூன்று நிமிட மணியைத் திருகி வைத்தார்.

ஸ்மராண்டா எழுந்தாள். எழுதி வந்திருந்த தாளை மடித்துப் பைக்குள் போட்டாள்.

"முதல் புறா வந்துடுச்சு. ரெண்டாவது வரல. அரங்கம் முழுக்க ஆளுங்க. அவன் மன்னிப்புக் கேக்கல, திரையை இறக்கச் சொல்லல. நீட்டின கை நீட்டினபடியே நிக்கிறான். இப்படி."

வலக்கையை நீட்டி, உள்ளங்கையை விரித்தாள்.

நேலு விசிலடித்தான். பின்வரிசையில் யாரோ வேண்டுமென்றே இருமினார். விதைகள் உடையும் சத்தம் மழைபோல் கேட்டது. அவள் அசையவில்லை. தோள் வலித்தது. வலிக்கட்டும். தோற்றாலும் சரி, மணி அடிக்கும்வரை இந்தக் கை இறங்காது.

கொறிக்கும் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசியில் மணியின் டிக்டிக் மட்டும். எல்லார் கண்ணும் அந்த வெறும் உள்ளங்கையில்.

மணி அடித்தது.

"வந்துச்சா, இல்லையா?" நேலுதான் கேட்டான்.

"வியாழக்கிழமை வந்து பாரு."

"அநியாயம் பண்றீங்க அக்கா!"

திபேரியுவின் முன்பற்களுக்கிடையே ஒரு விதை கடிபடாமல் நின்றிருந்தது. அதை எடுத்துச் சட்டைக்கையில் துடைத்தார்.

"முழுசா ஓட்டறேன்," என்றார்.

நேலுவின் தம்ளரில் ஏழு விதைகள். அவளுடையதில் பன்னிரண்டு. அதில் ஒன்று ஈரமாக இருந்தது.