மரண அறிவித்தலில் பழகிய கை

தலை வரைவதில் கஜலட்சுமிக்குச் சந்தேகமே கிடையாது. முதலில் ஒரு வட்டம். அதன் இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் சீவிவிட வேண்டும், மனிதத் தலை ஒன்றும் பந்து இல்லையே. நடுவில் நெடுக ஒரு கோடு, குறுக்கே புருவக் கோடு. முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து நாடி. மூன்றும் சம அளவு. கண்ணும் வாயும் கடைசியில்தான். போனில் பார்த்துக் கற்ற இந்த வரிசையைப் பத்து மாதமாக அவள் ஒருநாளும் மீறவில்லை.

பார்த்து வரைய முகம் வேண்டுமே? மஹய்யாவ பஸ் தரிப்பிடத்துச் சுவரில் மரண அறிவித்தல்களுக்குப் பஞ்சமில்லை. செத்தவர்கள் அசையமாட்டார்கள். "என் மூக்கு இப்படியா இருக்கு?" என்று சண்டைக்கும் வரமாட்டார்கள். தினமும் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் ஒருவரை வரைந்து முடித்துவிடுவாள்.

வாவிக்கரையில் நடக்கும் சனிக்கிழமைச் சந்தையில் ஒரே ஒரு மேசை காலியாக இருந்தது. துணிக்கடையில் பதினான்கு வருடம் நின்று நின்று கால் வீங்கியவள், இனி உட்கார்ந்து முகம் வரைந்து பிழைப்பது என்று முடிவெடுத்து அந்த மேசையைக் கேட்டாள். சந்தையை நடத்தும் நிரோஷா சும்மா தரவில்லை. கடலை விற்கும் முஹ்ஸினைக் கதிரையில் உட்காரவைத்து, "இருபது நிமிஷத்துல இவர வரைங்க, பார்ப்போம்" என்றாள்.

கஜலட்சுமி பத்தே நிமிடத்தில் முடித்துப் படத்தைக் காட்டினாள். அளவில் ஒரு நூல் பிசகில்லை.

முஹ்ஸின் எட்டிப் பார்த்தான். "என்ன அக்கா, நான் மௌத்தாப்போன மாதிரி ஈக்குதே."

அவளுக்குக் காது சுட்டது. ஆனால் செத்த முகம் என்று அவன் சொன்னதில் பிழையில்லை. நேர்ப்பார்வை, மூடிய வாய், அசையாத கழுத்து. கீழே பெயரையும் திகதியையும் போட்டால் நாளைக்கே சுவரில் ஒட்டலாம். உயிருள்ள முகத்தைத் தான் இதுவரை வரைந்ததே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்காக அவள் கற்ற வரிசையின் மேல் பழிபோடவில்லை. புதுத் தாளை எடுத்தாள்.

"சும்மா உக்காராதீங்க. கடலை விக்கிற மாதிரி கூப்பிடுங்க."

முஹ்ஸின் முகத்தை ஒருபக்கம் திருப்பி, நாடியைத் தூக்கி, வாவிக்கரை முழுக்கக் கேட்கும்படி கூவினான். மறுபடியும் வட்டம். பக்கம் சீவல். இந்த முறை நெடுங்கோடு அவன் திரும்பிய பக்கமாகச் சாய்ந்தது, புருவக் கோடு வளையல் போல மேலே வளைந்தது. அதே படிகள்தான், எல்லாம் அவனோடு சேர்ந்து திரும்பின. கடைசியில் அகலத் திறந்த வாய். வரையும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நிரோஷா தாளை வாங்கிப் பார்த்தாள். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே, "முஹ்ஸின், ஒரு பைக்கட்டு கடலை குடுங்க" என்று கை நீட்டினாள். பிறகுதான் கஜலட்சுமியிடம் திரும்பினாள்.

"எப்ப இருந்து வர்றீங்க?"

"வந்துட்டேனே" என்றாள் கஜலட்சுமி. வரையும் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்க் காலி மேசையில் உட்கார்ந்தாள்.