உள்ளே பத்திரமாக இருக்கிறது

நோயாளிகளின் விவரங்களைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றுவதற்காக அந்த மருத்துவமனையில் மேடை போட்டார்கள். இயக்குநர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் நிகழ்ச்சி. அழுத்தினார். தம் உரையில் யூனிகோடு என்ற புது எழுத்துமுறையின் பெயரை ஒவ்வொரு முறையும் வேறு உச்சரிப்பில் சொன்னார்.

வேலையை உண்மையில் செய்தவர் கணினி அதிகாரி. ஊழியர்களுக்கு அவர் 'சர்வர் சார்'. மாற்றித் தரும் மென்பொருளில், எந்த எழுத்துமுறையில் படிப்பது என்று கேட்கும் ஒரு கட்டம் உண்டு. ஆங்கில எழுத்தை மட்டும் அறிந்த பழைய முறை அதில் தானாகவே தேர்வாகியிருந்தது. தொட்டால்தானே வம்பு என்று விட்டுவிட்டார். மென்பொருளும் தனக்குத் தெரியாத ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துக்கொண்டே போனது. முன்ஜாக்கிரதையாக எடுத்த நகலும் அதே கட்டத்தின் வழியாகத்தான் வந்தது. பதிவுகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது, திரையில் பச்சை டிக் விழுந்தது, கைதட்டினார்கள். பழைய சர்வரை அன்றைக்கே துடைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு பூச்சாடி வைத்தார்கள்.

மறுநாள் ஒருவன் தன் அண்ணனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். காலில் புண் சீழ் பிடித்து, காய்ச்சல் கொதித்தது. கேட்டதற்குப் பதில் சொல்லும் நிலையில் அண்ணன் இல்லை.

"எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"ஏதோ ஒரு ஊசி ஆகாது சிஸ்டர். போன தடவையே அண்ணி சொல்லிட்டாங்க. கம்ப்யூட்டர்ல இருக்கும் பாருங்க."

பார்த்தாள். அந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். சர்வர் சாருக்குப் போன் போட்டாள்.

"அது ஃபாண்ட் பிரச்சினைம்மா, எழுத்துதான் தெரியல. டேட்டா உள்ளே பத்திரமா இருக்கு."

"உள்ளே இருந்து என்ன சார் பண்ண? ஊசி போடுறது நான்ல?"

"சாயங்காலம் ஃபாண்ட் போட்டுத் தரேன்" என்று வைத்துவிட்டார்.

தம்பி அண்ணிக்கு விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தான். அவள் வேலை செய்யும் இடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆளை அனுப்பியிருந்தான்.

"அவங்க வர்ற வரைக்கும் பொறுக்கலாமா சார்?" என்று இளம் டாக்டர் கேட்டார். கேட்டது இயக்குநரிடம். விருந்தினர்களுக்குப் புதிய முறையைச் சுற்றிக் காட்டிக்கொண்டு அவர் அங்கே வந்து நின்றிருந்தார்.

இயக்குநர் திரையைக் குனிந்து பார்த்தார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"கேள்விக்குறின்னா சந்தேகம்னு அர்த்தம். உறுதியா இருந்தா எழுதியிருப்பாங்க. புதுசு வந்ததே காத்திருக்கிற நேரத்தைக் குறைக்கத்தான். போடுங்க."

விருந்தினர் ஒருவர் தலையாட்டினார். ஊசி போட்டார்கள்.

அண்ணி ஓடி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தார்கள். தம்பி சுவரைப் பார்த்து நின்றான்.

"என்ன ஊசி போட்டீங்க?"

டாக்டர் பெயரைச் சொன்னார், மெதுவாக.

"அதைத்தானே எழுதச் சொன்னேன்? பக்கத்துல நின்னு பார்த்தேனே... டைப் பண்ணி, எனக்குப் படிச்சுக்கூடக் காட்டினாங்களே..."



இறப்புச் சான்றிதழ் புதிய முறையில் உடனே தயாரானது. சர்வர் சாரே உட்கார்ந்து அடித்தார். இறந்தவர் பெயர், தந்தை பெயர், காரணம் 'காய்ச்சல்' எல்லாமே சுழியும் கொம்பும் பிசகாமல் வந்து விழுந்தன.

"எவ்வளவு தெளிவா வருது பாருங்க" என்று இயக்குநர் விருந்தினரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தம்பி அதை வாங்கி அண்ணியிடம் நீட்டினான். அவள் கை நீட்டவில்லை.