மதலேன் வீட்டில் இருந்தாள்

அம்மாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே குனிந்து, ஜானட் காலி டீக் கப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெத்தவ பக்கத்துல கொஞ்ச நேரம் குந்துடி," என்றாள் அத்தை.

"இதோ வரேன் அத்தை."

வரவில்லை. மாடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். பெட்டியடியில் கசிந்த தண்ணீரைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

நேற்று மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா மதலேன் நெஞ்சைப் பிடித்தபடி சுவரோரம் சரிந்தாள். ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு முன் பத்தொன்பது நாளாகத் தாயும் மகளும் பேசவில்லை.

மூன்று வயது மகள் அக்னெஸோடு இருப்பதற்காக ஜானட் கப்பல் கம்பெனி வேலையை விட்டிருந்தாள். கணவன் சரி என்றான். அம்மாதான் போனில் கத்தினாள்.

"உனக்கு இன்னா பைத்தியமா? நாளைக்கே போயி வேலைக்கு வரேன்னு சொல்லு."

"நீ மட்டும் காலம் பூரா வூட்லயே இருந்தியே, அது தப்புன்றியா?"

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அம்மா போனை வைத்துவிட்டாள்.

தப்புதான் என்று அம்மா நினைத்தாளா? இனி யாரிடம் கேட்பது?

மூன்று மணிக்குப் பங்குச் சாமியார் வந்தார். ஊருக்குப் புதியவர். ஜெபம் முடித்து, அப்பா இன்னாசியை வாசலுக்குத் தனியே அழைத்தார்.

"பூசையில அம்மாவப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லணும். மரியாயின் சேனை மாதிரி கோயில் சபை எதுலயாவது இருந்தாங்களா? பாடகர் குழுவுல?"

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் இன்னாசி. தலையைச் சொறிந்தார்.

"அதெல்லாம் இல்ல ஃபாதர். சும்மா வூட்லதான் இருந்தா."

குறையாகச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அது காதில் விழ, ஜானட் கப்புகளோடு விறுவிறுவென்று அடுக்களைக்குள் போனாள்.

அங்கே பக்கத்து வீட்டுக் காத்தூன் பீவி டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா பீவிம்மா? சும்மாவாம்!"

காத்தூன் பீவி அடுப்பை அணைத்தாள். "இத நெனச்சித்தான் கண்ணு உங்கம்மா பயந்துகினு இருந்தா."

"இன்னா பயம்?"

"நீ வேலைய வுட்டேன்னு சொன்ன மறுநாளு இங்கதான் குந்திகினு அழுதா. 'நாளைக்கி எவனாவது என் பொண்ணப் பாத்து சும்மாதான கீறன்னு கேட்டுட்டா அவ தாங்க மாட்டா காத்தூனு. நான் தாங்கிகினேன்'னா. நீ வூட்ல இருக்கறது தப்புன்னு அவ ஒரு நாளும் சொல்லல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"ஞாயித்துக்கெழம உன் வூட்டுக்கு வரேன்னுகினு இருந்தா."

ஜானட் முந்தானையில் கையைத் துடைத்தாள். கை ஈரமாகவே இல்லை. நேராக வாசலுக்குப் போனாள்.

"ஃபாதர், எங்கம்மா சும்மா இல்ல."

இன்னாசி நிமிர்ந்து பார்த்தார்.

"நைனா காலு ஒடிஞ்சி ஏழு மாசம் படுத்துகினு இருந்தாரு. அத்தனையும் எடுத்துக் கொட்டுனது அம்மா. பீவிம்மா எறா கம்பெனிக்குப் போன பதினோரு வருஷமும் அவங்க புள்ள முபாஷிர் இந்த வூட்லதான் வளந்தான். எனக்கு அம்மா சிலுவ போடக் கத்துக்குடுத்துச்சு. அவன் பிஸ்மில்லா சொல்லாம வாய்ல சோத்த வெச்சா கையப் புடிச்சி நிறுத்தும். கோயிலுக்கு எப்பவும் லேட்டுதான். ஆனா பாத்திரம் தேச்சிகினே ஜெபமால சொல்லும். தேய்க்கறது எது, ஜெபம் எதுன்னு எனக்குப் பிரிச்சி சொல்லத் தெரியல."

சாமியார் கையிலிருந்த சிறிய நோட்டை மூடிக்கொண்டார். "போதும்மா. இது போதும்," என்றார்.

இன்னாசி தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன் ஜானட் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீன் முள் குத்திக் குத்திக் கறுத்திருந்த விரல்கள். ஒவ்வொன்றாகத் தொட்டாள். பெட்டியைத் தூக்கியபோது முன்பக்கம் முபாஷிர் தோள் கொடுத்தான். தெருமுனையில் கன்டெய்னர் லாரிகள் வழிமறித்து நின்றதால் சவ வண்டி இருபது நிமிடம் நகரவில்லை. ஹாரன் சத்தத்துக்கு நடுவே காத்தூன் பீவியின் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது.

கல்லறையிலிருந்து திரும்பியபோது விளக்கு வைக்கும் நேரம். வந்தவர்கள் கலைந்திருந்தார்கள். காத்தூன் பீவி அனுப்பிய சோறும் தால்சாக் குழம்பும் மேஜையில் இருந்தன. பசியில் சிணுங்கிய அக்னெஸை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்து ஜானட் சோற்றைப் பிசைந்தாள்.

இன்னாசி வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"குடு," என்றார்.

ஜானட் தட்டை நகர்த்தினாள். அவர் ஒரு வாய் உருட்டினார். மிகப் பெரியதாகிவிட்டது. பாதியை உதிர்த்துவிட்டு மறுபடி உருட்டினார். அக்னெஸ் தாத்தாவின் கையைப் பார்த்தபடி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.