காது கொடுத்தவள்

அறிவழகன் தங்கை பிரவீணாவின் தலையை மறுபடியும் நேராக்கி வைத்தான். கையை எடுத்ததும் அது மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது.

"வுடுங்க. பேச்சு கேக்குறப்ப அப்படித்தான் உக்காருவாங்க" என்றாள் அவன் மனைவி தவமணி.

அவன் திரும்பிப் பார்த்தான். இவள் அதை எப்போது பார்த்தாள்?

பிரவீணா திருச்சியில் பல்கலைக்கழக உளவியல் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். கல்யாணமான பெண்களின் ஆசையைப் பற்றி ஆராய்ச்சி. சின்ன அறை, இரண்டு நாற்காலிகள், விரலில் மாட்டி நாடித்துடிப்பு பார்க்கும் கருவி. வருகிறவர்களிடம் பெயர் கேட்பதில்லை. ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் கூட வேலை பார்ப்பவன் ஒருவன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்ன அன்றைக்கே அறிவழகன் திருச்சிக்கு பஸ் ஏறினான். "படுக்கை விசயம் கேக்குறதுக்கா ஒன்னைய படிக்க வெச்சேன்?" என்று கத்திவிட்டு வந்தவன், பிறகு அவளோடு பேசவேயில்லை. மஞ்சள் காமாலை முற்றி இறந்தவளை நேற்றுத்தான் செந்துறைக்குக் கொண்டுவந்தான்.

காலை பஸ்ஸிலிருந்து முன்பின் தெரியாத பெண்கள் இறங்கி வந்தார்கள். யாரும் மாரடித்து அழவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவுமில்லை. ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து, குனிந்து, பிரவீணாவின் காதருகே ஏதோ முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார்கள். முக்காடு போட்ட ஒரு பெண் வெகுநேரம் பேசினாள். நடுவில் வெட்கப்பட்டுச் சிரித்தாள். வாசலில் மேளம் தானாக நின்றுபோனது.

"நீங்க யாருங்க?" என்று எழுந்தவளிடம் கேட்டான் அறிவழகன்.

"தெரிஞ்சவங்கதான்." அவள் நிற்காமல் நடந்தாள்.

அம்மா குஞ்சம்மாள் அவன் கையை இறுகப் பிடித்தாள். "என்னடா சொல்றாளுவ எம்புள்ளகிட்ட? அவ கேட்டுக்கிட்டுல்ல கெடக்கா."

பாடையில் தூக்கி வைக்கும் நேரம். ஆட்களை விலக்கிக்கொண்டு தவமணி வந்தாள். மண்டியிட்டாள். அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அறிவழகன் பக்கத்திலேயே நின்றான். ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அவள் எழுந்தபோது முகம் காய்ச்சல் விட்டதுபோல் வெளிறித் தெளிந்திருந்தது.

அடுப்படிக்குப் பின்னால் அவளை மறித்தான்.

"நீயும் அங்க போனியா?"

"போனேன்."

"என்னத்தச் சொன்ன?"

"எட்டு வருசமா உங்ககிட்ட சொல்ல முடியாதத."

"இப்ப என்ன சொன்ன?"

"மிச்சத்த" என்றாள் தவமணி. குரலில் கோபமில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

கொள்ளி வைத்து, குளித்து, ஈரவேட்டியோடு அவன் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. உறவுக்காரர்கள் கலைந்துவிட்டார்கள். உடல் கிடந்த இடத்தைக் கழுவி விளக்கேற்றியிருந்தார்கள். விளக்கைக் கும்பிட்டு நிமிர்ந்தவன், வாசலில் ஒரு பெண் நிற்பதைக் கண்டான். நடுவயது. செருப்பெல்லாம் செம்புழுதி.

"பிரவீணா மேடம் வூடுங்களா? பஸ்ஸு கெடைக்கல."

"எடுத்தாச்சும்மா."

அவள் போகவில்லை. தவமணி வந்து, எதுவும் கேட்காமல் அவள் தோளைத் தொட்டு உள்ளே கூட்டிப்போய் விளக்கருகே உட்காரவைத்தாள். அந்தப் பெண் ஈரத்தரையைக் கையால் தடவிப் பார்த்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டாள். பிறகு தரையோடு தரையாகக் குனிந்து, பேசத் தொடங்கினாள்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அம்மாவை அறிவழகன் கைகொடுத்து எழுப்பினான். இருவரும் தெருவில் இறங்கியதும் கதவை வெளியிலிருந்து சாத்தினான்.